மெதுவான இணைப்பில் தொலைவுத் திரை: நடுவே நிற்கும் ப்ராக்ஸி என்ன செய்கிறது?

தொலைவில் உள்ள ஒரு கணினியில் ஓடும் மென்பொருளின் சாளரம் உங்கள் திரையில் திறந்திருக்கிறது. மெனுவைச் சொடுக்குகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறீர்கள். திடீரென்று மெனு முழுதாக விரிகிறது. சற்று நேரம் கழித்து அதே மென்பொருளில் ஒரு புகைப்படத்தைத் திறக்கிறீர்கள். இப்போது படம் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக நிரம்புகிறது.

இரண்டையும் "நெட் மெதுவாக இருக்கிறது" என்றே சொல்கிறோம். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான் அது. எதனால் வந்த காய்ச்சல் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. முதலில் நடந்தது காத்திருப்பு. அனுப்ப வேண்டிய தகவல் மிகச் சிறியது, ஆனால் அது போய்த் திரும்பி வர நேரமாகிறது. இரண்டாவதாக நடந்தது நெரிசல். தகவல் பெரியது, குழாய் ஒடுங்கியது.

தொலைவுத் திரைக்காக நடுவே ஒரு ப்ராக்ஸி சர்வரை, அதாவது இரு பக்கத்துக்கும் பதிலாளாக நின்று பேசும் மென்பொருளை, அமைக்கப் புறப்படும் பலர், நெரிசலுக்கான மருந்தை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு ஏன் தீரவில்லை என்று குழம்புகிறார்கள். நானும் அப்படி ஒரு பகல் முழுவதையும் செலவழித்திருக்கிறேன். தகவலைச் சுருக்கும் அளவை 1இலிருந்து 9 வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மெனு அதே மூன்று விநாடிகளை எடுத்துக்கொண்டது. இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது அன்றுதான்.

சர்வர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது

லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாக வரைகலைத் திரையைக் கவனித்துவரும் அமைப்பின் பெயர் எக்ஸ். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பிறந்தது. இன்றும் புழங்கும் எக்ஸ்11 என்ற வடிவம் 1987இல் வெளிவந்தது. மென்பொருள் ஓர் இடத்திலும் அதன் சாளரம் இன்னோர் இடத்திலும் இருக்கலாம் என்பது பின்னால் ஒட்டவைத்த வசதி அல்ல. தொடக்கத்திலிருந்தே அதன் அடிப்படை.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் பெயர்கள். வழக்கமாகச் சர்வர் என்றால் எங்கோ தொலைவில் உள்ள பெரிய கணினி என்று நினைப்போம். எக்ஸ் உலகில் சர்வர் என்பது உங்கள் கண்முன்னே இருப்பது. திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைத் தன் கையில் வைத்திருந்து, "இவற்றைப் பயன்படுத்திக்கொள்" என்று மற்றவர்களுக்கு வழங்குவதால் அது சர்வர். தொலைவில் ஓடும் மென்பொருள், திரையில் இடம் கேட்டு வருவதால் கிளையன்ட். இதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால், பின்னால் வரும் அமைப்புகளில் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். ப்ராக்ஸி எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கான விடையே இந்தப் பெயர்களில்தான் அடங்கியிருக்கிறது.

எந்தச் சர்வரிடம் போய்ப் பேசுவது என்பதை மென்பொருள் 'டிஸ்ப்ளே' என்ற சூழல் மாறியை (மென்பொருள்கள் படித்துக்கொள்வதற்காகக் கணினி வைத்திருக்கும் ஒரு குறிப்பை) பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதில் கணினியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஓர் எண் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுடன் 6000ஐக் கூட்டினால் கிடைப்பதுதான் போர்ட் எண், அதாவது அந்தக் கணினியில் தட்ட வேண்டிய கதவின் எண். எண் 0 என்றால் 6000. எண் 10 என்றால் 6010. எளிய கணக்கு, ஆனால் பழுது பார்க்கும்போது மிகவும் கைகொடுக்கும்.

இருவருக்கும் இடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒருவழி. "இங்கே ஒரு கோடு வரை", "அங்கே இந்த எழுத்தைப் போடு" என்று மென்பொருள் சொல்லிக்கொண்டே போகும்; பதிலுக்கு நிற்காது. விசை அழுத்தப்பட்டது, மவுஸ் நகர்ந்தது என்று சர்வர் தன் பங்குக்குச் செய்தி அனுப்பும். அப்படிப்பட்ட ஒவ்வொரு செய்தியும் 32 பைட். இந்த ஒருவழிப் பேச்சு தொலைவைப் பற்றிக் கவலைப்படாது. தொல்லை கொடுப்பது கேள்வி பதில்தான். "இந்தப் பெயருக்கு உன்னிடம் என்ன எண்?", "இந்த நிறத்தைக் கொடுக்க முடியுமா?", "அந்தச் சாளரம் இப்போது எவ்வளவு அகலம்?" என்று மென்பொருள் கேட்கிறது. பதில் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாமல் அப்படியே நிற்கிறது.

அகலமும் தூரமும்

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருள் தன் முதல் சாளரத்தைக் காட்டுவதற்குள் இப்படிப்பட்ட 200 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறையில் உள்ள இரு கணினிகளுக்கு இடையே ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை மில்லிவிநாடி ஆகலாம். 200 கேள்விகளுக்கும் சேர்த்து 0.1 விநாடி, உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே போய்வரும் நேரம் 250 மில்லிவிநாடியாக இருந்தால்? 50 விநாடிகள். மென்பொருளில் ஒரு வரிகூட மாறவில்லை.

இந்த 200 பதில்களின் மொத்த எடை எவ்வளவு? பதிலுக்கு 32 பைட் என்று கொண்டால் 6,400 பைட். விநாடிக்கு 28,800 பிட் கடத்திய பழைய மோடமே இதை 2 விநாடிக்குள் அனுப்பிவிடும். ஆக, 50 விநாடிகளில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு. தகவலை எவ்வளவு இறுக்கிச் சுருக்கினாலும் காத்திருப்பு சுருங்காது. இணைப்பின் வேகத்தைப் பத்து மடங்கு உயர்த்திக் கட்டணம் கட்டினாலும் சுருங்காது. ஒளியின் வேகத்தை யாரும் உயர்த்தித் தர முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதேபோல் மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் பயணம் செய்தாலே கிட்டத்தட்ட 0.48 விநாடி கழிந்துவிடும்.

நெரிசலின் கணக்கு வேறு. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 3 பைட் என்றால் முழுத்திரைக்குச் சுமார் 62 லட்சம் பைட். விநாடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் அதை அப்படியே அனுப்பினால் ஏறக்குறைய 50 விநாடிகள். இங்கே சுருக்குதல் அற்புதம் செய்யும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் உள்ள திரை பல மடங்கு சிறிதாகிவிடும்.

இரண்டு கணக்கிலும் விடை 50 விநாடிகள். இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு.

பதிலாள் எப்படி உதவுகிறார்

ப்ராக்ஸி என்றால் பதிலாள். மென்பொருளைப் பொறுத்தவரை ப்ராக்ஸிதான் எக்ஸ் சர்வர். உண்மையான சர்வரைப் பொறுத்தவரை ப்ராக்ஸிதான் மென்பொருள். இருவருமே தாங்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருக்க, நடுவே உள்ள மெதுவான கம்பியில் என்ன போக வேண்டும், என்ன போகத் தேவையில்லை என்பதைப் பதிலாள் முடிவு செய்கிறார்.

இந்த எண்ணத்தை எக்ஸ் அமைப்பின் அதிகாரபூர்வத் தொகுப்புக்குள் கொண்டுவந்தது எல்பிஎக்ஸ். 1996இல் வெளிவந்த எக்ஸ்11 ஆர்6.3 பதிப்பில் அது இடம்பெற்றது. 'குறைந்த அகலத்துக்கான எக்ஸ்' என்பதே பெயரின் பொருள்; அகலம் என்று இங்கே சொல்வது, கம்பி ஒரு விநாடியில் கடத்தும் தகவலின் அளவை. அதன் ப்ராக்ஸி, மென்பொருள் ஓடும் தொலைவுக் கணினியின் பக்கத்தில் நிற்கும். உங்கள் பக்கத்தில் உள்ள எக்ஸ் சர்வரில் எல்பிஎக்ஸ் நீட்சி (அதற்கான கூடுதல் பகுதி) இருக்க வேண்டும். ப்ராக்ஸி வழக்கமாக 63ஆம் எண் திரையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மென்பொருள்களின் டிஸ்ப்ளே மாறியை அந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டால் வேலை தொடங்கும்.

அது செய்த வேலைகளை இன்று படித்தாலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பல மென்பொருள்களின் பேச்சை ஒரே கம்பியில் சேர்த்து அனுப்பியது. முந்தைய செய்திக்கும் இப்போதைய செய்திக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பியது. மவுஸ் இரண்டு புள்ளி நகர்ந்ததைச் சொல்ல 32 பைட்டும் எதற்கு? விசைப்பலகையின் வரைபடம், எழுத்துருவின் அளவுகள் போன்ற பெரிய, மாறாத தகவல்களை ஒருமுறை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மென்பொருள் கேட்டபோது தானே கொடுத்தது. மவுஸை வேகமாக இழுத்தால் நூற்றுக்கணக்கில் கிளம்பும் நகர்வுச் செய்திகளில், ஒரே நேரத்தில் கம்பியில் எத்தனை இருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னது. நிறப் பெயர்களின் பட்டியலும் அடிக்கடி கேட்கப்படும் பெயர்களின் பட்டியலும் கோப்புகளாக அதனிடம் இருந்தன. "இந்த நிறம் எத்தனை எண்?" என்று கேட்டால், கேள்வி கம்பியில் ஏறாமலேயே பதில் கிடைத்துவிடும்.

கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான மருந்து. ஆனால் எல்பிஎக்ஸ் அதைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. எல்பிஎக்ஸால் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் கொஞ்சம். மென்பொருள்கள் கேட்ட கேள்விகளோ அதற்கு வெளியிலும் ஏராளம். எக்ஸ் அமைப்பின் முக்கியப் படைப்பாளிகளான கீத் பேக்கார்டும் ஜிம் கெட்டிஸும் 2003இல் வலையமைப்பில் எக்ஸின் செயல்திறனை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான மென்பொருள்களை மெதுவாக்குவது அகலக் குறைவைவிடப் போய்வரும் தாமதமே என்பது அவர்களின் அளவீடுகளில் தெளிவானது. எல்பிஎக்ஸின் நுட்பமான சுருக்கமும், எஸ்எஸ்எச் இணைப்பின் (தொலைவுக் கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழையும் வழக்கமான வழியின்) சாதாரணச் சுருக்கத்தைவிடப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. பின்னர் எல்பிஎக்ஸ் எக்ஸ் தொகுப்பிலிருந்தே நீக்கப்பட்டது. இன்று பழைய கையேடுகளில் அதன் பெயரைப் பார்த்து யாராவது அமைக்க முயன்றால், அந்த நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளச் சொல்வேன்.

காரியஸ்தரை நியமிப்பது

எல்பிஎக்ஸ் விட்ட இடத்தில் வேறொரு கிளை வளர்ந்தது. 1990களிலேயே டிஎக்ஸ்பிசி என்ற சிறு மென்பொருள் இருந்தது. இரு முனைகளிலும் ஒவ்வொரு ப்ராக்ஸியை வைத்து, இடையே எக்ஸ் பேச்சைச் சுருக்கி அனுப்புவது அதன் வேலை. சர்வரில் தனி நீட்சி எதுவும் தேவையில்லை என்பது பெரிய வசதி. அந்த அடித்தளத்தின்மேல் நோமெஷின் நிறுவனம் என்எக்ஸ் என்ற அமைப்பைக் கட்டியது.

என்எக்ஸில் இரண்டு தனித்தனிப் பகுதிகள் உள்ளன. இரண்டு நோய்களுக்கும் இரண்டு மருந்துகள். என்எக்ஸ்ப்ராக்ஸி நெரிசலைக் கவனிக்கிறது. இரு முனைகளிலும் உள்ள ப்ராக்ஸிகள் இதுவரை போன செய்திகளை ஒரே வரிசையில் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அதே செய்தி மறுபடி வந்தால், முழுவதையும் அனுப்பாமல் "நம் கையிருப்பில் இத்தனையாவது" என்று மட்டும் சொல்லி அனுப்புகின்றன. ஒரே பொத்தானை, ஒரே ஐகானை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரையும் மென்பொருள்களுக்கு இது கொடுக்கும் பயன் மிகப் பெரிது.

என்எக்ஸ்ஏஜென்ட் காத்திருப்பைக் கவனிக்கிறது. இதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. இது தொலைவுக் கணினியிலேயே ஓடும் ஒரு முழுமையான எக்ஸ் சர்வர். மென்பொருளின் 200 கேள்விகளும் இதனிடம்தான் வருகின்றன. சாளரத்தின் அகலம் என்ன, நிறம் என்ன, பெயருக்கு எண் என்ன என்று அனைத்துக்கும் அங்கேயே, அந்தக் கணினிக்குள்ளேயே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறது. உங்கள் திரையில் உண்மையில் வரைய வேண்டியவை மட்டும் கம்பியில் ஏறுகின்றன. தொலைவில் உள்ள தோட்டத்தை நிர்வகிப்பவர் ஒவ்வொரு சிறு முடிவுக்கும் உரிமையாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. முடிவெடுக்கும் உரிமையுள்ள காரியஸ்தர் ஒருவர் அங்கேயே இருந்தால் நடக்கும். அந்தக் காரியஸ்தர்தான் என்எக்ஸ்ஏஜென்ட்.

இன்னொரு நன்மையும் இதனால் தானாகவே வாய்க்கிறது. வெறும் எக்ஸ் இணைப்பில் கம்பி அறுந்தால், திறந்திருந்த சாளரங்களெல்லாம் அந்த நொடியே மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை போனது போனதுதான். காரியஸ்தர் அங்கே இருந்தால், மென்பொருள்களுக்கு இணைப்பு அறுந்ததே தெரியாது. நீங்கள் மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மெதுவான இணைப்பு பெரும்பாலும் நிலையற்ற இணைப்பாகவும் இருக்கும் என்பதால், வேகத்தைவிட இதுவே பெரிய வரம் என்று சொல்வேன்.

அமைக்கத் தொடங்கும் முன் அளந்து பாருங்கள்

முதல் வேலை, பிங் கட்டளையால் தொலைவுக் கணினிக்குப் போய்வரும் நேரத்தைப் பார்ப்பது. 20 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் நெரிசல்தான். 100ஐத் தாண்டினால் காத்திருப்பை முதலில் கவனியுங்கள். ஒரு தடவை மட்டும் பார்க்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். எண்கள் 80, 85, 900, 82 என்று குதித்தால், இணைப்பில் வேறு யாரோ பெரிய கோப்பு எதையோ இறக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு ப்ராக்ஸி மருந்தல்ல.

அடுத்து, மிக எளிய வழியை முயன்று பாருங்கள். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எக்ஸ், பெரிய சி ஆகிய இரண்டு எழுத்துகளையும் விருப்பக் குறிகளாகச் சேர்த்தால், முதலாவது எக்ஸ் பேச்சைச் சுமந்து வரும், இரண்டாவது அதைச் சுருக்கும். இதுவும் ஒரு ப்ராக்ஸிதான். தொலைவுக் கணினியில் வழக்கமாக 10ஆம் எண் திரையாக அது நின்று, வருவதையெல்லாம் மறையாக்கம் செய்து உங்களிடம் அனுப்புகிறது. டிஸ்ப்ளே மாறியையும் தானே அமைத்துவிடும்; நீங்கள் கையால் எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. தாமதம் குறைவான இணைப்பில் எளிய மென்பொருள் ஒன்றை ஓட்டுவதற்கு இதுவே போதும். இந்த வழி நெரிசலுக்கு மட்டுமே மருந்து என்பதை மறந்துவிட வேண்டாம்.

காத்திருப்புதான் உங்கள் நோய் என்றால், என்எக்ஸ் வழி. இரண்டு ப்ராக்ஸிகளையும் கையாலேயே இணைத்துப் பார்ப்பது கற்றுக்கொள்ள நல்ல பயிற்சி. தொலைவுக் கணினியில் என்எக்ஸ்ப்ராக்ஸியைப் பெரிய சி குறியுடன், எண் 8 என்று கொடுத்துத் தொடங்குங்கள். அந்த சி, கிளையன்ட் பக்கம் என்பதைக் குறிக்கிறது: மென்பொருள்கள் இருக்கும் பக்கம். உங்கள் கணினியில் அதையே பெரிய எஸ் குறியுடன் தொடங்குங்கள். எஸ் என்றால் சர்வர் பக்கம், அதாவது திரை இருக்கும் பக்கம். ப்ராக்ஸிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட், 4000உடன் அந்த எண்ணைக் கூட்டியது, இங்கே 4008. பிறகு தொலைவில் ஓட்டும் மென்பொருளுக்கு டிஸ்ப்ளே மாறியை 8 என்று அமைத்தால் சாளரம் உங்களிடம் வரும். உங்கள் எக்ஸ் சர்வர் கேட்கும் அனுமதிக் குக்கியும் (நுழைவுச் சீட்டைப் போன்ற ரகசியக் குறியும்) 8ஆம் எண் திரைக்கானதாகத் தொலைவுக் கணினியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்காது. நினைவிருக்கட்டும்: இந்தப் பயிற்சியில் இருப்பது ப்ராக்ஸி இணை மட்டும், காரியஸ்தர் இல்லை. நெரிசல் தீர்வதையும் காத்திருப்பு அப்படியே இருப்பதையும் நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

4008 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச் குழாயொன்றை அமைத்து, உங்கள் கணினியின் 4008ஐத் தொலைவுக் கணினியின் 4008உடன் இணைத்துவிட்டு, உங்கள் பக்க ப்ராக்ஸியை உங்கள் கணினியையே நோக்கித் திருப்பிவிடுங்கள். இப்போது பேச்சு முழுவதும் மறையாக்கத்துக்குள் போகிறது. குழாயில் எஸ்எஸ்எச் சுருக்கத்தை நிறுத்தி வைப்பது நல்லது. ப்ராக்ஸி ஏற்கெனவே இறுக்கிச் சுருக்கியதை மறுபடி சுருக்கினால் அளவு குறையாது. செயலிக்கு வேலைதான் கூடும். இதே காரணத்தால் வரிசையும் முக்கியம்: முதலில் சுருக்கம், அதன் பிறகே மறையாக்கம். மறையாக்கம் செய்த தகவலில் ஒழுங்கு என்பதே இருக்காது. ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு இவ்வளவையும் கையால் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்2கோ என்ற கட்டற்ற மென்பொருள் காரியஸ்தர், இரு ப்ராக்ஸிகள், எஸ்எஸ்எச் குழாய், குக்கி அனைத்தையும் தானே கோத்துவிடுகிறது. தொலைவில் அதன் சர்வர் பகுதி, உங்களிடம் அதன் கிளையன்ட் பகுதி. வழக்கமான எஸ்எஸ்எச் போர்ட் ஒன்று திறந்திருந்தால் போதும். அங்கே நீங்கள் தீர்மானிக்க வேண்டியது முக்கியமாக இரண்டு.

ஒன்று இணைப்பின் வகை. மோடம், ஐஎஸ்டிஎன், ஏடிஎஸ்எல், வேன், லேன் என்று ஐந்து படிகள் இருக்கும். பெயர்கள் பழையவை; அவற்றை "மிக மெதுவானது" முதல் "மிக வேகமானது" வரையிலான அளவுகோலாக மட்டும் பாருங்கள். இணைப்பு உண்மையில் எப்படியோ அதைவிட வேகமாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வேகமான வகையைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு வேகமாகிவிடாது. ப்ராக்ஸி சுருக்குவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கைபேசி வழி இணைப்பில் நான் ஏடிஎஸ்எல்லில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒரு படி இறங்குவேன்.

மற்றொன்று படங்களைச் சுருக்கும் முறை. ஜேபெக் வகை, தரத்தை விட்டுக்கொடுத்து அளவைக் குறைக்கிறது. புகைப்படங்களுக்கு அது பொருந்தும். எழுத்தையும் மெல்லிய கோடுகளையும் அது கலங்கலாக்கிவிடும். நாள் முழுவதும் கலங்கிய எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குக் கொடுமை. நிரல் எழுதுபவர்களும் வரைபடம் பார்ப்பவர்களும் இழப்பில்லாத முறையைத் தேர்ந்தெடுத்து, சற்று மெதுவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

முழு மேசைச்சூழலையும் கொண்டுவர வேண்டுமா, ஒரே மென்பொருளை மட்டும் கொண்டுவர வேண்டுமா என்றும் எக்ஸ்2கோ கேட்கும். தேவை ஒரே மென்பொருள் என்றால் அதை மட்டும் கேளுங்கள். முழுச் சூழல் வேண்டுமானால் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்ற எளிய சூழல்கள் நன்றாக ஒத்துழைக்கும். பின்னணிப் படத்தை நீக்கி ஒரே நிறமாக்குங்கள். சாளர நிழல், மங்கி மறையும் அசைவு, மின்னும் கர்சர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மின்னும் கர்சர் ஒரு சிறு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கம்பியைச் சும்மா இருக்கவிடாதது அதுதான்.

எக்ஸ்ப்ரா என்ற மற்றொரு கருவியும் உண்டு. தொலைவில் திரையே இல்லாத எக்ஸ் சர்வர் ஒன்றை ஓட்டி, அதில் உள்ள ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனியாக உங்கள் திரைக்குக் கொண்டுவருகிறது. வரையும் கட்டளைகளுக்குப் பதிலாக, மாறிய பகுதிகளின் படத்தையே சுருக்கி அனுப்புகிறது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் "கோடு வரை" என்று சொல்வதில்லை; தாமே முழுப் படமாக வரைந்துமுடித்து "இதைக் காட்டு" என்றுதான் தருகின்றன. ஆகவே புதிய மென்பொருள்களுக்கு எக்ஸ்ப்ரா பல நேரங்களில் என்எக்ஸைவிட நன்றாகப் பொருந்துகிறது. எக்ஸுக்குப் பின் வந்த வேலண்ட் முறையில் ஓடும் மென்பொருள்களுக்கு வேபைப் என்ற ப்ராக்ஸி இருக்கிறது. அதுவும் எஸ்எஸ்எச் வழியாகவே இயங்குகிறது.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்

"திரையைத் திறக்க முடியவில்லை" என்ற பிழைச்செய்தியை அனைவரும் ஒருநாள் பார்ப்பார்கள். டிஸ்ப்ளே மாறி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாக இருந்தால், தொலைவுக் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில் எக்ஸ் அனுப்புதல் அனுமதிக்கப்படவில்லை, அல்லது குக்கியைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் அங்கே நிறுவப்படவில்லை. திரையே இல்லாமல் நிறுவப்பட்ட சர்வர்களில் இந்த இரண்டாவது காரணத்தை அடிக்கடி காணலாம். மாறியில் மதிப்பு இருந்தும் திறக்கவில்லையென்றால் குக்கியைச் சந்தேகியுங்கள். வேறு பயனராக மாறிய பிறகு மென்பொருளை ஓட்டினால், குக்கி பழைய பயனரின் கோப்பில் இருந்துவிடும். புதிய பயனருக்குக் கதவு திறக்காது.

அப்போது யாராவது "எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்குப் பின் ஒரு கூட்டல் குறி போடு, சரியாகிவிடும்" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது எந்தக் கணினியிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடச் சொல்லும் கட்டளை. எக்ஸ் திரைக்குள் நுழைந்தவர் உங்கள் சாளரங்களைப் பார்க்கலாம், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் படிக்கலாம்.

பலரை வாட்டும் விசித்திரமான பழுது ஒன்று உண்டு. இணைந்தவுடன் எல்லாம் நன்றாக ஓடும். கொஞ்ச நேரம் கழித்துப் புதிய சாளரம் திறக்க மறுக்கும்; ஏற்கெனவே திறந்தவை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் எக்ஸ் அனுப்புதலில், நம்பிக்கை குறைந்த முறையில் கொடுக்கப்படும் அனுமதி இயல்பாக 20 நிமிடங்களில் காலாவதியாகிவிடுவதுதான் காரணம். அமைப்புக் கோப்பில் அந்தக் கெடுவை நீட்டலாம். தொலைவுக் கணினி முழுவதும் உங்கள் நம்பிக்கைக்கு உரியது என்றால் மட்டும், பெரிய ஒய் குறியால் முழு நம்பிக்கை முறைக்கு மாறலாம். டெபியன் போன்ற சில லினக்ஸ்களில் இரண்டு குறிகளும் இயல்பாகவே ஒரே விளைவைத் தருவதால், அங்கே இந்தப் பழுது தலைகாட்டாது.

எல்லாம் அமைத்து முடித்ததும் முதலில் செய்த சோதனையையே மறுபடி செய்யுங்கள். மெனுவைச் சொடுக்கி எண்ணுங்கள்; புகைப்படத்தைத் திறந்து பாருங்கள். மெனு உடனே விரிந்து படம் மட்டும் மெதுவாக வந்தால், காத்திருப்பு தீர்ந்துவிட்டது. இணைப்பு வகையையும் படத்தின் தரத்தையும் ஒரு படி இறக்கிப் பாருங்கள். படம் சட்டென்று வந்து மெனு இன்னும் தயங்கினால், மென்பொருள் காரியஸ்தரிடம் பேசாமல் நேராகக் கம்பியில் பேசிக்கொண்டிருக்கிறது. டிஸ்ப்ளே மாறியில் உள்ள எண் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே எஸ்எஸ்எச்சின் 10 உட்கார்ந்திருக்கும். இரண்டும் சரியாக இருந்தால், ஏதாவதொரு கோப்பில் இரண்டு வரி தட்டிவிட்டுச் சேமிக்காமல், உங்கள் பக்கத்து வலையிணைப்பைத் துண்டித்து ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி இணையுங்கள். அந்த இரண்டு வரிகளும் திரையில் அப்படியே காத்திருக்க வேண்டும்.